நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள்

பாட்டி காலமானபோது மாலை போட்டு வைக்க ஒரு பெரிய படம் தேவைப்பட்டது. நல்ல படம் என்னிடம் இருந்தது. கூலாய் வீட்டு வாசலில் பல் தெரியச் சிரித்தபடி பாட்டி உட்கார்ந்திருப்பார். பிலிமில் எடுத்தது. ஆனால் கழுவிக் கொடுத்த கடை அனுப்பிய ஸ்கேன் கைப்பேசியில் பார்க்கத்தான் லாயக்கு. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. நெகட்டிவைக் கேட்டு ஓடினேன். "மூன்று மாதம்தான் வைத்திருப்போம்" என்றார்கள். குப்பைக்குப் போய்விட்டிருந்தது. கடைசியில் ஐசி படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தோம். அதில் பாட்டி சிரிக்கவில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம், பிலிம் திரும்பி வந்திருக்கிறது. வார இறுதியில் ஜொகூர் பாருவின் ஜாலான் டோபி, ஜாலான் தான் ஹியோக் நீ பக்கம் போனால், கழுத்தில் தாத்தா காலத்துக் கேமராவோடு அஞ்சடியில் குனிந்து படம் எடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாவற்றையும் கூட்டி 36ஆல் வகுத்தால், ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு தே தாரிக் காசு ஆகிறது. அவ்வளவு செலவழித்துவிட்டு நெகட்டிவை வாங்காமல் வருகிறவர்களே அதிகம். ஸ்கேன் வந்துவிட்டதே, இனி அந்தப் பட்டை எதற்கு என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கேமரா பக்கத்தில் அதிகம் பேசப்படுவது பெண்டாக்ஸ் 17. ரிக்கோ நிறுவனம் 2024 ஜூனில் வெளியிட்ட புத்தம் புதிய பிலிம் கேமரா. விரலால் லீவரைத் தள்ளித்தான் பிலிமை நகர்த்த வேண்டும். வழக்கமான சட்டத்தில் பாதியளவே ஒரு படம் என்பதால் 36 ரோலில் 72 எடுக்கலாம். கேமராவை நேராகப் பிடித்தாலே கைப்பேசிப் படம்போல் நெட்டுக்குத்தாக விழும். கைக்குச் சிக்கனமாக வேண்டுமென்றால் கோடாக் பெயரில் 2022இல் வந்த எக்டார் எச்35 இருக்கிறது. அதுவும் பாதிச் சட்டம்தான். செலவு மிச்சம், சரி. ஆனால் நெகட்டிவும் பாதி என்பதை மறக்கக் கூடாது. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் பொரிபொரியாகத் தெரியும். குடும்பப் படத்துக்கு நான் முழுச் சட்டத்தைத்தான் சொல்வேன்.

பிலிமிலும் புதுவரவு உண்டு. இங்கிலாந்தின் ஹார்மன், கறுப்பு வெள்ளை இல்ஃபோர்ட் பிலிம்களுக்குப் பேர் போன ஆலை, 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 என்ற வண்ணப் பிலிமைக் கொண்டுவந்தது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போன கோடாக், 2025 அக்டோபரில் கோடாகலர் 100, 200 இரண்டையும் அறிவித்தது. தமிழ்நாட்டிலும் ஒரு பிலிம் ஆலை இருந்தது என்றால் இங்கே பலர் நம்புவதில்லை. ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இலிருந்து 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. இந்து என்றால் நிலவு. பிலிமுக்கு வேண்டிய குளிர் மலையிலேயே கிடைத்தது. வண்ணப் படமும் பிறகு டிஜிட்டலும் வந்தபோது ஆலை நொடித்துப் போனது.

நமக்கு அந்தக் குளிர் இல்லை. ஜொகூர் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மத்தியானம் ரோலை விட்டால் போதும், நிறம் கெட்டுவிடும். வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே பிரிக்காதீர்கள்; ஒரு மணி நேரமாவது வெளியில் இருக்கட்டும், இல்லையென்றால் பிலிமில் நீர் பூக்கும். பழைய கேமரா வாங்குபவர்கள் லென்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

வீட்டிலேயே கழுவிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வேடிக்கை. வண்ணப் பிலிமுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினால் போதும். சுலபம் என்று எல்லாரும் நினைக்கும் கறுப்பு வெள்ளைதான் இங்கே தொல்லை. எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் நீர் சேர்க்காமல் கழுவ, 20 டிகிரியில் ஏழரை நிமிடம். குழாயிலிருந்து வருவது 28, 29 டிகிரி. டப்பாவை ஐஸ் கட்டி போட்ட பேசினில் வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டியதுதான்.

பாலம் தாண்டி சிங்கப்பூரில், கோல்மன் ஸ்திரீட் பெனின்சுலா கடைகளில் பிலிம் வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். சோதனைச் சாவடியின் சாதாரண எக்ஸ்ரேயில் ஓரிரு தடவை போனால் 400 வரையிலான பிலிமுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் பையிலேயே கிடந்து போய் வந்தால் கதை வேறு. விமான நிலையங்களில் இப்போது வரும் சிடி ஸ்கேனர் ஒரே தடவையில் கெடுத்துவிடும், 100 ஆக இருந்தாலும். கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். ரோல்களைத் தெளிவான பிளாஸ்டிக் பையில் தனியாக வைத்திருந்தால் அதிகாரிக்கும் வேலை எளிது.

கடையில் ரோலைக் கொடுக்கும்போதே "நெகட்டிவ் திரும்ப வேண்டும்" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். வெட்டாமல் சுருட்டித் தருவதென்றால், ஆறாறு படமாக வெட்டி உறையில் போட்டுத் தரும்படி கேளுங்கள். உறை பாலிபுரோப்பிலினாக இருக்கட்டும். பிவிசி வேண்டாம், நாளாக நாளாக ஒட்டிக்கொள்ளும். அத்தை வீட்டு பிஸ்கட் டின்னில் தோட்டத்துக் காலத்து நெகட்டிவ்கள் ஒரு கட்டு கிடந்தன. திறந்ததும் காடி வாசனை. பிலிமின் அசிடேட் சிதையும்போது வருவது அது. மூடிய டின்னில் அடைபட்ட காடி மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு டின் இருந்தால், வாசனை வருவதைப் பிரித்துத் தனியே வைத்து, முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். மிச்சத்தை சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்கு மாற்றலாம். உறையின் மேல் தேதியும் படத்தில் இருப்பவர்களின் பெயரும் பென்சிலால் எழுதுங்கள். அத்தை டின்னில் தப்பித்த 11 பட்டைகளில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல இப்போது அத்தை ஒருவர்தான் இருக்கிறார். அடுத்த வாரம் நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன்.