அளவறிந்து தைப்போம்

பெண்கள் மட்டுமே பங்குபெறும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி, 1984இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதற்குரிய லியோடார்ட் உடைக்கு, 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஊஞ்சல் சாகசக்காரர் ஜூல் லியோதாரின் பெயரே அமைந்தது.

ரவிக்கையை நாம் லூஸ் விட்டு வெட்டுகிறோம். இதற்கோ நேர்மாறான முறை. துணி இழுபடுமாதலால், அது எவ்வளவு நீளுகிறதென முதலில் இழுத்துப் பார்த்து, காகித மாதிரியை உடலளவைவிடச் சற்றுக் குறைத்தே வரைய வேண்டும். மார்பு, இடை, இடுப்பு அளவுகள் மட்டும் போதா. தோளில் தொடங்கிக் கால்களுக்கிடையே சென்று, மீண்டும் அத்தோளையே அடையும் முழுச் சுற்றளவும் தேவை. அது குறைந்தால் தோளை அறுக்கும்; கூடினால் துணி தொங்கும். நேர்த்தையல் இழுபட்டால் அறுந்துவிடும். ஜிக்ஜாக் தையல் தாங்கும்.

கூச்சத்தால் ஒதுங்கும் மாணவியர் உண்டு. கணுக்கால்வரை மூடும் உடைக்கும் பன்னாட்டு விதிகள் இடமளிக்கின்றன. ஆகவே, உடையின் பொருட்டு எந்த மாணவியும் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை என்பதைப் பெற்றோரும் நாமும் நினைவிற்கொள்வோமாக.