டிக்கிக்கு எந்த மேட்?

எங்க பெரியப்பாவிடம் பழைய அம்பாசிடர் கார் இருக்கிறது. அந்த வண்டித் தயாரிப்பு 2014-லயே நின்னு போச்சு. தகரம் ஓட்டையானால் கஷ்டம்தான்! மழை விட்டதும் டிக்கி மேட்டைத் தூக்கினோம். அடியில் ஒரே ஈரம், ஓரமெல்லாம் துரு. கார்ப்பெட் தண்ணீரை உறிஞ்சி, தகரத்தைக் காயவே விடாது. நம்ம மணலி புதுநகருக்கு எண்ணூர் உப்புக்காத்து வேற. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் (அறிவியல் பாடம் ஞாபகம் இருக்கா?).

புதுப்பேட்டை கடையில் பெரியப்பா அழகான கார்ப்பெட்டையே கேட்டார். நான் ரப்பர் மேட் என்றேன். அதுக்கு அடியிலும் தண்ணி தேங்கும்தான், ஆனால் உருவி உதறி வெயிலில் போடலாம். டிக்கிக்குள் நியூஸ் பேப்பரை விரித்து அளவு வெட்டி எடுத்துப் போயிருந்தோம். வீட்டுக்கு வந்து துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டு, அப்புறம்தான் விரித்தோம். டிக்கி மூடியின் ரப்பரையும் மாற்றிவிட்டோம். தண்ணீர் நுழைந்ததே அது வழியாகத்தான்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்