வியாசர்பாடியின் நடுக்கள வீரர்

சென்னைத் துறைமுகத்தையும் இராயபுரம் இரயில் நிலையத்தையும் கடந்து மேற்கே சென்றால் வியாசர்பாடி. உழைப்பாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் அப்பகுதி, கால்பந்தின் மீதுள்ள பற்றினால் 'குட்டி பிரேசில்' எனப் பெயர் பெற்றது. அங்கு வளர்ந்தவர்தாம் தன்பால் கணேஷ், 1994இல் பிறந்தவர்.

இவர் நடுக்கள வீரர். கோல் போடுபவரை ஊர் கொண்டாடும். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து அவர் காலடியில் சேர்ப்பவரை யார் நினைக்கிறார்கள்? ஆயினும் 2018 மார்ச் 13 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கம் கணேஷை நினைத்தது. ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவா அணிக்கு எதிராக, 29ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டார். சென்னையின் எஃப்.சி. 3-0 என வென்றது. நான்கு நாட்களுக்குப்பின் பெங்களூரில் கோப்பையும் கைக்கு வந்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் அடுத்த ஐ.எஸ்.எல். பருவம் முழுவதையும் இழந்தார்.

ஜெர்மனியின் சமி கெதிராவும் நடுக்கள வீரரே. துனீசியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். 2013 நவம்பரில் மிலான் நகரில் அவரது முழங்கால் தசைநார் அறுந்தது. ஆறே மாதங்களில் எழுந்துவந்து, 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராகக் கோல் போட்டார். வியப்பு என்னவெனில், அதுவும் 29ஆவது நிமிடம்! ஆனால் இறுதிப் போட்டியன்று, பயிற்சியின்போதே கெண்டைக்காலில் வலி. உலகக் கோப்பையை ஜெர்மனி வென்ற ஆட்டத்தை அவர் வெளியில் இருந்தே கண்டார்.

செல்வம் கொழிக்கும் ஐரோப்பியக் கழகத்தில் ஆடியவருக்கே இந்நிலை. வடசென்னை இளைஞனின் கதை வேறு. முன்பெல்லாம் நன்றாக ஆடும் பிள்ளைக்குச் சுங்கத்துறை, ஐ.சி.எஃப்., தென்னக இரயில்வே, இந்தியன் வங்கி ஆகியவற்றின் அணிகளில் இடம் கிடைத்தால் வேலையும் கிடைத்தது. கால் ஓய்ந்தபின்னும் மாதச் சம்பளம் ஓயாது. தாய்மார்கள் பந்தைப் பொறுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம் என்பேன்! தொழில்முறை ஆட்டத்தில் பணம் கூடுதல். ஒப்பந்தமோ சில ஆண்டுகளுக்குத்தான். ஆகவே கையொப்பமிடுமுன், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்கு ஊதியம் உண்டா என்பதைப் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்துவதற்கு எந்த அணியும் ஈடு தருவதில்லை.

கணேஷ் 2019-20 பருவத்தில் மீண்டும் சென்னையின் சட்டையணிந்து களமிறங்கினார். அவ்வாண்டும் அணி இறுதிப் போட்டியை எட்டியது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளரின்றி மூடப்பட்டிருந்த கோவா அரங்கில், ஏ.டி.கே. அணியிடம் 3-1 எனத் தோற்றது.