ஏ8 பெரியதா, சி6 பெரியதா?

பத்தாம் வகுப்பில் கணத்தாக்கு நடத்தும்போது, பந்தைப் பிடிக்கும் கிரிக்கெட் வீரர் கைகளைப் பின்னுக்கு இழுப்பதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். சொல்லத்தக்க எடுத்துக்காட்டு இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் பொழுதுபோக்காக மாதிரி ராக்கெட் விடுவோர் வாங்கும் சிறு மோட்டார்களின் மேல் ஏ8-3, சி6-5 என்று குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். இவற்றில் எது ராக்கெட்டுக்கு அதிக வேகம் தரும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எண்ணைப் பார்த்து ஏ8 என்பவர்களே அதிகம் இருப்பார்கள்.

மொத்தக் கணத்தாக்கைச் சொல்வது எழுத்துதான். ஏ வகையின் மேல் எல்லை 2.5 நியூட்டன் விநாடி. பி 5, சி 10, டி 20. எழுத்துக்கு எழுத்து இரட்டிப்பாகிறது. அடுத்துள்ள எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். மேல் எல்லையை வைத்துக் கணக்கிட்டால் ஏ8 சுமார் 0.3 விநாடியிலும் (2.5 ÷ 8), சி6 சுமார் 1.7 விநாடியிலும் (10 ÷ 6) எரிந்து முடியும். கரும்பலகையில் விசை–காலம் வரைபடமாக இரு செவ்வகங்கள் வரையுங்கள். உயரம் குறைந்த சி6-இன் பரப்பு நான்கு மடங்கு. கணத்தாக்கு என்பது அந்தப் பரப்புதான் என்பதைத் தனியே விளக்க வேண்டியிருக்காது.

உண்மையான வரைபடம் செவ்வகமாக இருக்காது. எஸ்டெஸ் நிறுவனத்தின் சி6 தொடக்கத்தில் ஏறத்தாழ 14 நியூட்டன் வரை எகிறி, பிறகு 5 நியூட்டனுக்குச் சற்றுக் கீழே நிலைக்கிறது. ஏவுகம்பியை விட்டு நீங்குவதற்குள் ராக்கெட் போதிய வேகம் பெற வேண்டும். இல்லையென்றால் அதன் துடுப்புகளால் அதை நேராக நிறுத்த முடியாது. சராசரி உந்துவிசை எடையைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது அவர்களின் கைக்கணக்கு. 6 நியூட்டனுக்கு 1.2 நியூட்டன் எடை, அதாவது சுமார் 120 கிராம் நிறை. (எடையையும் நிறையையும் பிரித்துக்காட்ட இதைவிட நல்ல இடம் ஏது?)

கடைசி எண்ணில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளித்தள்ளும் வெடிப்பு நிகழ எத்தனை விநாடி ஆகும் என்பதே அது. கனமான ராக்கெட் சீக்கிரமே உச்சியை அடைந்துவிடும். அதில் 3-க்குப் பதில் 7 போட்டால், பாராசூட் விரியுமுன் மூக்கு கீழாகத் தரைக்கு வந்துவிடும்.

1957-இல் ஸ்புட்னிக் பறந்தபின் அமெரிக்கச் சிறுவர்கள் பலர் வீட்டிலேயே எரிபொருள் கலந்து காயமடைந்தார்கள். ஆலையில் செய்த மோட்டாரை மட்டுமே பயன்படுத்தும் வழக்கம் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். நம் வகுப்பிலும் வெடிமருந்து வேண்டாம். வரைபடம் கரும்பலகையில் இருக்கட்டும்; மைதானத்துக்குத் தண்ணீர் பாட்டில் ராக்கெட், அதுவும் ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும்.