முதுமையும் நாயோடு நடத்தலும்

முதுமை வந்துழி முதற்கண் தளர்வன கால்களே. கால் தளர்ந்தவர் வீட்டின்கண் அமர்வர்; அமர்ந்தவர்க்கு உடல் மேலும் தளரும். இச்சுழலினின்று மீளுதற்பொருட்டு நகரத்து முதியோர் சிலர் நாயை உடன்கொண்டு காலையும் மாலையும் உலாவுகின்றனர். இவ்வழக்கத்தால் விளையும் நன்மை தீமைகளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நாயோடு நடத்தல் மேனாட்டார் நாகரிகமென்று நகைப்பாரும் உளர். அன்னார் ஜவ்வாது மலைக்குச் சென்று காண்பாராக. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த ஊர்களில் முதியோர் சாமைக் கொல்லைக்கோ ஆடு மேய்க்கவோ செல்லுங்கால் நாய் முன்னே ஓடும். கழுத்திற் கயிறு இல்லை. அவர்கட்கு அஃது உலாவன்று; தொழில். மலைக்குத் தெற்கே செங்கம் பகுதியைச் சார்ந்த எடத்தனூரில் ஒரு நடுகல் உளது. மகேந்திரவர்ம பல்லவனது 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அக்கல், எருமைகளைக் காத்துப் பட்ட வீரனொருவனையும், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் ஒருங்கே காட்டுகின்றது. நாயின் பெயர் கோவிவன் என்பதும் அதன்கட் பொறிக்கப்பட்டுளது. அரசர் பலர் பெயரே மறைந்தொழிய, ஒரு நாயின் பெயர் ஏறக்குறைய 1,400 ஆண்டு நிலைபெற்றமை வியக்கத்தக்கதன்றோ!

நிற்க. நகரத்தார்க்குக் கொல்லையுமில்லை, மந்தையுமில்லை. வேலூர் போன்ற ஊரில் பணியினின்று ஓய்வுபெற்றவர்க்கு வீட்டைவிட்டுப் புறப்படும் காரணமே அற்றுவிடுகின்றது. அக்காரணத்தை நாய் தருகின்றது. வாரத்திற்கு 150 நிமிடமாயினும் விரைந்து நடத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளை நடப்போமென்று மருத்துவரிடம் கூறிவிடலாம். வாயிலில் நின்று வாலைக் குழைக்கும் உயிரிடம் அங்ஙனம் கூறல் அரிது. இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் 49 முதல் 91 வயது வரையுள்ள 3,123 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவு இதனை வலியுறுத்தும். நாயோடு நடப்போர் மழையும் குளிருமான நாளில் இயங்கிய அளவு, நாயில்லாதார் நல்ல நாளில் இயங்கிய அளவினும் மிகுதியாம். டோக்கியோ நகரத்து முதியோரை ஆராய்ந்தோர், நாய் வளர்ப்பாரிடம் மறதிநோய் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு குறைந்திருத்தலை 2023-இல் வெளியிட்டனர். பூனை வளர்ப்பாரிடம் அவ்வேற்றுமை காணப்படவில்லை. உடல்வலி உடையாரே நாய் வளர்க்கத் துணிவரென்னும் தடை நியாயமானதே. ஆயினும், நாள்தோறும் நடத்தலும் தெருவாரோடு நாலு சொல் பேசுதலுமே பயன் தருவனவென்பது எமது துணிபு.

இனித் தீங்கு. அமெரிக்க நாட்டில் கயிற்றில் நாயைப் பிடித்து நடந்து எலும்பு முறிந்த 65 வயதுக்கு மேற்பட்டார் 2004-இல் 1,671 பேர். 2017-இல் 4,396 பேர். இடுப்பெலும்பு முறிவே மிகுதி. ஆகவே முதியோர் கயிற்றை மணிக்கட்டிற் சுற்றிக்கொள்ளலாகாது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் முதலியன வேட்டை நாய்கள்; முயலைக் கண்டால் பாயும் விலங்கைப் பேரப்பிள்ளைகள் அன்பினால் வாங்கிக் கொடுத்தல் பெரும்பிழை. வயது முதிர்ந்த நாட்டு நாயே சாலும். வெயிலிற் காய்ந்த தார்ச்சாலையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்தபின் புறப்படுதல் இருவர்க்கும் நன்று.

தெருநாய்க்கு அஞ்சி வாயிலைத் தாண்டாத முதியோரும் பலர். அவரைக் கோழையர் என்றல் கொடுமை. வெறிநோய் முற்றியபின் மீட்சி அரிதன்றோ! தெருநாய்கட்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் கடமையை 2023-ஆம் ஆண்டு விதிகள் உள்ளாட்சி மன்றங்கள்மேற் சுமத்தியுள்ளன. அது செவ்வனே நடவாத நகரில் முதியோரை நடமின் என்றல் வெற்றுரை. வளர்ப்பு நாய்க்கும் ஆண்டுதோறும் ஊசி வேண்டும். கடிபட்டால் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

முதியவர் நோயுற்ற நாளில் நாயை நடத்துவார் யாவர் என்பதையும் முன்னரே அயலாரோடு பேசி வைத்தல் நன்று. எமது தெருவில் அவ்வேலை பள்ளிச் சிறுவரிடம் உளது. அதற்கு அவர்களுக்குள் போட்டியும் உண்டு.