நகரும் நாமும் – 9: யாரிடம் போய்ச் சொல்வது?

2019 ஜூன். செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்தது. சென்னைத் தெருக்களில் நடுராத்திரியிலும் குடங்கள் வரிசை கட்டி நின்றன. லாரி வராத தெருக்காரர்கள் மெட்ரோ வாட்டர் டெப்போவுக்கு நடையாய் நடந்தார்கள். அந்தக் கோடையில் மாநகராட்சியின் 200 வார்டுகளில் ஒன்றில்கூட கவுன்சிலர் கிடையாது.

பழைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை என்று காலம் ஓடியது. மக்கள் ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19-ல்தான். வர்தா புயல், வறட்சி, கொரோனா எல்லாம் அந்த இடைவெளியில் வந்து போயின.

சென்னைக்கு இது புதிதல்ல. இல்லாத கூலியாட்கள் பேரில் சம்பளம் எடுத்த மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973-ல் மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996-ல்! தப்புச் செய்தவர்களைத் தண்டித்திருக்கலாம். ஓட்டுரிமையை அல்லவா 23 வருடம் பூட்டி வைத்தார்கள். குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையைவிட்டுத் மெட்ரோ வாட்டர் என்ற தனி வாரியத்துக்குப் போனது 1978-ல். ஏன் என்று எழுந்து கேட்க மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் அன்று ஓர் உறுப்பினர்கூட இல்லை.

அதன் பலனை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்ளும். கழிவுநீர் மழைநீர் வடிகாலில் இறங்கும். தேங்கும், கொசு பெருகும். அடிபம்பில் வரும் தண்ணீர் நாறும். வடிகால் மாநகராட்சியுடையது, சாக்கடை வாரியத்துடையது. இவரைக் கேட்டால் அவரைக் கை காட்டுவார், அவரைக் கேட்டால் இவரை. இரண்டு என்ஜினீயர்களையும் ஒரே மேன்ஹோல் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான் நல்ல கவுன்சிலரின் வேலை. அதற்கு அந்தத் தெருவின் ஓட்டு வேண்டும் என்கிற பயம் அவருக்கு இருக்க வேண்டும்.

வீடு கட்டினால் கவுன்சிலர் ஆட்கள் காசு கேட்கிறார்களே என்பார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அவரைத் தோற்கடிக்க நம்மிடம் ஒரு நாள் இருக்கிறது. மன்றம் இல்லாதபோது அரசு நியமிக்கும் தனி அலுவலரின் ஆட்சியில் அந்த ஒரு நாளும் இல்லை.

2022-ல் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 28 வயதில் பிரியா மேயரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் பெண். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போகிற ஒரு தாய், தன்னைப் போன்ற ஒருத்தியிடம் பேச முடிகிறது. இது சின்ன விஷயமே இல்லை.

இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன்பே தேர்தலை முடித்தாக வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். சென்ற முறை தேர்தல் சிக்கிக்கொண்டது இட ஒதுக்கீட்டிலும் வார்டு எல்லையிலும். அந்த இரண்டு பட்டியலும் எப்போது வரும் என்பதை வார்டு மக்கள் கூடிப் பேசும் உங்கள் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதிலை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)