ஆப்டமரும் அதன் கேடியும்: அந்த ஒரு எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஆப்டமர் என்பது ஒரு குட்டி ஒற்றை இழை டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. நம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. மாதிரி இது மரபுத் தகவலைச் சுமப்பதில்லை. தன்னைத்தானே மடித்துக்கொண்டு ஒரு வடிவம் எடுக்கும். அந்த வடிவத்தில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு கச்சிதமாகப் போய் உட்காரும். அவ்வளவுதான் இதன் வேலை.

1990-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதற்கு வழி கண்டுபிடித்தன. கொலராடோவில் கிரெய்க் டூர்க், லாரி கோல்ட். பாஸ்டனில் ஆண்ட்ரூ எலிங்டன், ஜாக் சோஸ்டாக். வழி ரொம்ப எளிமையானது. கோடிக்கணக்கான தற்செயல் வரிசைகளை எடு, இலக்கு மூலக்கூறோடு கலக்கு, ஒட்டாததைக் கழுவித் தள்ளு, ஒட்டியதைப் பெருக்கு, திரும்பக் கலக்கு. பல சுற்று முடிந்தால் நன்றாக ஒட்டுகிறவை மிஞ்சும். முதலில் ஆர்.என்.ஏ.வில் செய்தார்கள். 1992-இல் இரத்தம் உறைய உதவும் திராம்பின் புரதத்துக்கு 15 எழுத்து மட்டுமே உள்ள டி.என்.ஏ. ஆப்டமர் வந்தது.

சரி, மிஞ்சியது எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது? அதைச் சொல்லும் எண்தான் கேடி. போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டியிருக்குமே, அந்தக் கேடி இல்லை! பாடப்புத்தகத் தமிழில் பிரிகை மாறிலி.

கேடி என்ன சொல்கிறது?

ஆப்டமரை மிகக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, இலக்கு மூலக்கூறைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். எந்தச் செறிவில் சரிபாதி ஆப்டமர்களில் இலக்கு உட்கார்ந்திருக்கிறதோ, அந்தச் செறிவுதான் கேடி. எண் சிறிதாக இருந்தால் பிடிப்பு பலம் என்று அர்த்தம்.

கேடி 9 நானோமோலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 1 நானோமோலார் இருந்தால் 10 சதவீதம் ஆப்டமர் நிரம்பும். 9 இருந்தால் 50 சதவீதம். 90 சதவீதம் நிரம்ப 81 வேண்டும். அதாவது பத்திலிருந்து தொண்ணூறுக்குப் போக 81 மடங்கு செறிவு. ஒன்றுக்கு ஒன்று ஒட்டும் எந்த ஜோடிக்கும் இதே 81தான். ஒரு கட்டுரையின் வரைபடத்தில் கோடு பத்து மடங்குக்குள்ளேயே விறுவிறுவென்று ஏறி முடிந்துவிட்டால், நான் கொஞ்சம் நின்று பார்ப்பேன்.

நான் தேடும் மூன்று விஷயங்கள்

முதலாவது, ஆப்டமரை எவ்வளவு போட்டார்கள்? உண்மையான கேடி 1 நானோமோலார். ஆனால் சோதனைக் குழாயில் ஆப்டமரே 100 நானோமோலார் இருக்கிறது என்று வையுங்கள். பாதி நிரம்பவே 50 நானோமோலார் இலக்கு தேவை. கணக்குப் போட்டால் பாதிப் புள்ளி 51-இல் வரும். அதைக் கேடி என்று எழுதினால் ஐம்பது மடங்கு தப்பு. அங்கே அளந்தது பிடிப்பை இல்லை, நாம் ஊற்றிய ஆப்டமரின் அளவை.

இரண்டாவது, எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? ஒட்டியதில் பாதி பிரிய 2 மணி நேரம் ஆகும் ஜோடி என்றால், செறிவு குறைந்த குழாய்களில் சமநிலை வரப் பத்து மணி நேரம்கூட ஆகலாம். அரை மணியில் அளந்தால் பிடிப்பு இருப்பதைவிடப் பலவீனமாகத் தெரியும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். சம்பந்தமே இல்லாத வேறொரு டி.என்.ஏ.வைப் போட்டுப் பார்த்தார்களா? மென்பொருள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஃபங்ஷனை முழுசாக அழித்த பிறகும் பாஸ் ஆகிற டெஸ்ட் ஒரு டெஸ்டே இல்லை. எழுத்துகளைக் கலைத்துப் போட்ட டி.என்.ஏ.வும் அதே சிக்னல் தந்தால், அது ஆப்டமரின் வேலை இல்லை.

ஆர்சனிக் கதை

இந்த மூன்றாவது கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஆர்சனிக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வங்கதேசம், மேற்கு வங்கம், வியட்நாம் எனப் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். செறிவாக மாற்றினால் ஏறக்குறைய 133 நானோமோலார்.

2009-இல் தென்கொரியக் குழு ஒன்று ஆர்ஸ்-3 என்ற டி.என்.ஏ. ஆப்டமரை அறிவித்தது. கேடி, ஆர்சனிக்கின் இரண்டு வடிவங்களுக்குச் சுமார் 5, 7 நானோமோலார். வரம்பைவிட எவ்வளவோ கீழே! அதை வைத்து ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் சென்சார்கள் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் வந்தன.

2019-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியுவின் குழு இதைத் திரும்ப அளந்தது. ஒரு முறை, கலக்கும்போது வெளிப்படும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பத்தை நேரடியாக அளப்பது. சாயம் சேர்த்தும், தங்க நானோ துகள் வைத்தும் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் தற்செயல் டி.என்.ஏ.க்களையும் வைத்து ஒப்பிட்டார்கள். ஆர்ஸ்-3க்கு எந்தத் தனிப் பிடிப்பும் இல்லை. மூன்று இணைதிற ஆர்சனிக்கை இது பிடிக்கவே பிடிக்காது என்பதுதான் அவர்கள் முடிவு.

அப்போ முன்பு வந்த சிக்னல்? பல சென்சார்களில் தங்கம் இருந்தது. தங்கத் துகள்கள் தனித்தனியாக இருந்தால் கரைசல் சிவப்பு, ஒன்றோடொன்று சேர்ந்தால் நீலம். டி.என்.ஏ. துகள்மேல் படிந்து அவற்றைப் பிரித்து வைக்கும். ஆப்டமர் இலக்கைப் பிடிக்கப் போனால் நிறம் மாறும் என்பது திட்டம். ஆனால் ஆர்சனிக்கே தங்கத்தின்மேல் போய் ஒட்டக்கூடியது. ஆப்டமர் சும்மா இருந்தாலும் நிறம் மாறலாம். லியு குழு சுட்டிய சாத்தியமான காரணம் இதுதான்.

ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று முடிவு செய்யும் இடத்தில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. தங்கத்தோடு ஒட்டக்கூடிய வேறு எது தண்ணீரில் இருந்தாலும் இப்படிப்பட்ட சென்சார் ஏமாறும்.

இன்னொன்று. கேடி என்பது ஆப்டமரின் நிரந்தர அடையாள எண் இல்லை. திராம்பின் ஆப்டமர் சரியாக மடங்கப் பொட்டாசியம் அயனி உதவுகிறது. கரைசலும் அளக்கும் முறையும் மாறும்போது அதற்குச் சில நானோமோலாரிலிருந்து நூற்றுக்கணக்கான நானோமோலார் வரை மதிப்புகள் வெளியாகியிருக்கின்றன.

எனவே அடுத்த முறை "கேடி 5 நானோமோலார்"னு எங்காவது படித்தால், உடனே பக்கத்தில் தேடுங்கள்: எந்தக் கரைசல், எவ்வளவு ஆப்டமர், எத்தனை மணி நேரம், ஒப்பிட்ட டி.என்.ஏ. எது. நாலும் இருந்தால் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். கடைசியது இல்லையென்றால், நான் அந்தக் கட்டுரையை ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன்.